பழைய கார் ரிமோட்: புரோகிராமிங் கடைசி வேலை

பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய காரில் ரிமோட்டை அழுத்தியும் கதவு திறக்கவில்லை என்றால் உடனே "புரோகிராமிங் போயிடுச்சு" என்பார்கள். காருக்குள் பதிந்திருக்கும் ரிமோட் பதிவு தானாக அழிவது அபூர்வம். ரிமோட்டின் பட்டன் செல் (வட்டமான சிறு பேட்டரி), உள்ளே இருக்கும் காண்டாக்ட், கதவு ஸ்விட்ச், இவைதான் போகும். கடலூர், புதுச்சேரி மாதிரி உப்புக்காற்று ஊரில் கொஞ்சம் சீக்கிரமாகவே போகும்.

இன்னொரு ரிமோட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது வேலை செய்தால் கோளாறு ரிமோட்டில். இரண்டும் செய்யாவிட்டால் பெரும்பாலும் கார் பக்கம். "வண்டி ஸ்டார்ட் ஆகுதே, அப்போ சாவி நல்லாத்தான் இருக்கு" என்று நினைக்க வேண்டாம். சாவிக்குள் இருந்து வண்டியை ஸ்டார்ட் ஆக விடும் இம்மொபிலைசர் சிப் வேறு, கதவு ரிமோட் வேறு. அந்தச் சிப்புக்குச் செல்லே தேவையில்லை.

செல்லைக் கழற்றும்போது அதில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். சிஆர் 2032, சிஆர் 2016 இரண்டும் 20 மி.மீ. அகலம்தான், ஆனால் முதலாவது 3.2 மி.மீ. தடிமன், இரண்டாவது பாதி. 2032 இருக்க வேண்டிய இடத்தில் 2016 போட்டால் உட்காரும், ஆனால் ஆடும். அழுத்தும்போது சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது. மல்டிமீட்டரில் புதுச் செல் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 2.8-க்குக் கீழே என்றால் மாற்றிவிடுங்கள். சும்மா இருக்கும்போது 3 காட்டிவிட்டு, பட்டனை அழுத்தியதும் படுத்துவிடும் செல்களும் உண்டு. அதனால் சந்தேகம் என்றால் கடலூர் லாரன்ஸ் ரோட்டிலோ புதுச்சேரி நேரு வீதியிலோ ஒரு வாட்ச் கடையில், காலாவதி தேதி பார்த்து, ஒன்று வாங்கிப் போட்டுப் பார்ப்பதே சுலபம்.

போன் கேமராவில் ரிமோட் விளக்கு தெரிகிறதா என்று பார்ப்பது டிவி ரிமோட்டுக்குச் சரி, அது இன்ஃப்ராரெட். கார் ரிமோட் ரேடியோ. நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ். கேமராவில் எதுவும் தெரியாது.

செல் மாற்றியும் சரியாகவில்லை என்றால் போர்டைப் பாருங்கள். செல்லைப் பிடிக்கும் கிளிப்பின் சால்டரில் (ஈயப் பற்றவைப்பில்) மயிரிழை விரிசல் விழுவது சகஜம். ரிமோட் கீழே விழுந்ததன் பலன். மூடியை இறுக்கிப் பிடித்து அழுத்தினால் மட்டும் வேலை செய்கிறது என்றால் அதுதான். 25 வாட் சால்டரிங் அயர்னும் கொஞ்சம் ஃப்ளக்ஸும் போதும், செல்லைக் கழற்றிவிட்டுத் தொடுங்கள். பச்சையாகப் பூத்திருந்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காது பட்ஸால் துடையுங்கள். உப்புத்தாளால் தேய்த்தால் மேல் பூச்சு போய், கடற்கரைக் காற்றில் முன்பைவிட வேகமாக அரிக்கும்.

கார் பக்கம் வந்தால் முதலில் இக்னிஷனில் சாவி இருக்கக் கூடாது. இருந்தால் பல கார்கள் ரிமோட்டைக் கண்டுகொள்ளாது. அடுத்தது கதவு ஸ்விட்ச். பூட்டிய உடனே தானாகத் திறந்துகொள்கிறது என்றால் ஏதோ ஒரு கதவு திறந்திருப்பதாகக் கார் நினைக்கிறது. ஊசி போல நீட்டி நிற்கும் ஸ்விட்ச் என்றால் ரூஃப் லைட்டை 'டோர்' நிலையில் வைத்து, ஒரு கதவை மட்டும் திறந்து, அந்தக் கதவின் ஸ்விட்சை விரலால் அழுத்துங்கள். லைட் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் அந்த ஸ்விட்சிலோ வேறொரு கதவின் ஸ்விட்சிலோ கோளாறு. ஒரே ஒரு கதவு மட்டும் பூட்டவில்லை என்றால் அந்தக் கதவின் மோட்டார், அல்லது கதவுக்கும் அது மாட்டியிருக்கும் பில்லருக்கும் (தூணுக்கும்) நடுவே ரப்பர் குழாய்க்குள் உடைந்த ஒயர். எந்தக் கதவும் அசையவில்லை என்றால் ஃபியூஸ். 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல் மழையில் தண்ணீரில் நின்ற வண்டி என்றால் கார்பெட்டைத் தூக்கி, கீழே கனெக்டர் ஏதும் பச்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

இதெல்லாம் சரி என்றால், கார் பக்கத்திலேயே நின்று ஒரே பட்டனை அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ரிமோட் அனுப்பும் ரகசிய எண் (கோடு, code) மாறும். குழந்தை கையில் கொடுத்து வீட்டுக்குள் அழுத்திக்கொண்டே இருந்தால் ரிமோட்டின் எண்ணிக்கை காரைத் தாண்டி ஓடிவிடும். பல சிஸ்டங்கள் அடுத்தடுத்து வரும் இரண்டு கோடுகளைக் கேட்டதும் தாமாகச் சேர்ந்துகொள்ளும்.

அதற்குப் பிறகுதான் புரோகிராமிங், அதாவது ரிமோட்டைக் காரில் மறுபடி பதிவது. கையேட்டைப் பார்க்காமல் தொடங்காதீர்கள், மாடலுக்கு மாடல் மாறும். ஃபோர்டு ஃபியஸ்டா வகைக் கார்களில் வழி இது: சாவியை ஒன்றாம் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு ஆறு விநாடிக்குள் நான்கு முறை திருப்பி, ஆஃப் செய்ய வேண்டும். ஒலி கேட்டதும் பத்து விநாடிக்குள் ரிமோட்டின் ஏதாவது ஒரு பட்டனை அழுத்தினால் மறுபடி ஒலிக்கும், பதிந்துவிட்டது. உடனே அடுத்த ரிமோட். வீட்டில் உள்ள எல்லா ரிமோட்டையும் ஒரே தடவையில் பதிய வேண்டும், விட்டுப்போனது வேலை செய்யாமல் போகலாம். பிஒய்-01 (புதுச்சேரி) நம்பரில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய கார் என்றால் இது நல்லதுதான், பழைய ஓனரிடம் தங்கிய ரிமோட்டுக்கு அத்தோடு வேலை இல்லை. புதிதாகப் பதியும்போது பழைய பதிவை அழிக்காத கார்களில் அந்த ரிமோட்டை, காரின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனர் வைத்துத்தான் நீக்க முடியும்.

வெளியே வாங்கிப் போட்ட சென்ட்ரல் லாக் கிட் என்றால் டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள பெட்டியில் ரிமோட்டைப் பதியும் லேர்ன் பட்டன் இருக்கிறதா பாருங்கள். அந்தக் கிட்களில் டிரைவர் கதவு மோட்டாருக்கு ஐந்து ஒயர், மற்றவைக்கு இரண்டு. இடம் மாற்றிப் போட்டால் டிரைவர் கதவைச் சாவியால் பூட்டும்போது மற்றக் கதவுகள் பின்தொடராது.

கடையில் "காப்பி ரிமோட்" என்று கொடுத்தால் வாங்காதீர்கள். நிலையான கோடு உள்ள பழைய கிட்டுக்கு மட்டுமே அது உதவும்; கோடு மாறும் சிஸ்டத்தில் காப்பி எடுத்து உபயோகமில்லை. அதே பார்ட் நம்பர், அதே அலைவரிசை உள்ளதே வேண்டும். பதியும்போது டிரைவர் பக்கக் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சாவி உள்ளே மாட்டிக்கொண்டு கார் பூட்டிக்கொள்ளலாம்.