ஹெச்ஓ மாதிரி ரயில் பெட்டியை ரெசின் 3டி பிரிண்டரில் அச்சிட

ஹெச்ஓ என்பது மாதிரி ரயில்களின் ஓர் அளவு விகிதம், 1:87, அதாவது நிஜ ரயிலில் 87ல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. எல்லா அளவையும் 87ஆல் வகுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். 6 மி.மீ. இரும்புத் தகடு 0.07 மி.மீ. ஆகிவிடும், அச்சில் நிற்காது. சுவருக்கு 1.2 மி.மீ. கொடுங்கள். ரிவெட் தலை 0.3 மி.மீ.க்குக் குறைந்தால் பெயின்டில் மறைந்துபோகும்.

பெட்டியை 30–45 டிகிரி சாய்த்து, 0.05 மி.மீ. அடுக்கில் அச்சிடுங்கள். தட்டையாகப் படுக்கவைத்தால் ஒவ்வொரு அடுக்கும் ரெசின் (ஒளியில் இறுகும் திரவம்) தொட்டியின் அடியிலுள்ள பிலிமில் அகலமாக ஒட்டி இழுபடும், சுவர் வளையும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகே புற ஊதா ஒளியில் வையுங்கள், இல்லையென்றால் வெள்ளை படியும். கையுறை கட்டாயம்.

சக்கரத்தை மட்டும் அச்சிட வேண்டாம், உலோகத்தில் வாங்குவதே மேல். எடை குறைந்த பெட்டி வளைவில் தடம் புரளும்: 28 கிராம், கூடவே நீளத்தில் அங்குலத்துக்கு 14 கிராம் என்று மொத்த எடை வரும்வரை அடியில் எடைத்துண்டு ஒட்டுங்கள்.