செயற்கைக் காலுக்கு டைட்டேனியமா, உருக்கா?

கிளிநொச்சியில் செயற்கைக் கால் பட்டறையில் வேலை செய்கிறேன். குழாயும் இணைப்பும் மாற்ற வருகிறவர்கள் அநேகமாகக் கேட்பது இதுதான்: "தம்பி, டைட்டேனியம் உருக்கைவிடப் பலமோ?" நான் திருப்பிக் கேட்பது, "நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள்?"

முதலில் கையிலிருப்பது எதுவென்று பார்த்துக்கொள்ளுங்கள். காந்தத்தை நம்ப வேண்டாம். அது டைட்டேனியத்தில் ஒட்டாது, சரி. 304, 316 வகைத் துருப்பிடிக்காத உருக்கிலும் பெரும்பாலும் ஒட்டாது. சமையலறை டிஜிட்டல் தராசு போதும். துண்டை நிறுத்து எழுதுங்கள். அப்புறம் தராசில் ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்துப் பூச்சியமாக்கி, துண்டை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் முழுக்க அமிழ்த்துங்கள். உள்ளே காற்றுக் குமிழி நிற்கக்கூடாது. இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் நிறையைப் பிரியுங்கள். 88 கிராம் துண்டுக்கு 20 காட்டினால் விடை 4.4, அது டைட்டேனியம். 8க்குக் கிட்ட வந்தால் உருக்கு. 2.7 என்றால் அலுமினியம்.

இனிப் பலம். 6% அலுமினியமும் 4% வனேடியமும் கலந்த டைட்டேனியம், வளைந்தபடியே நின்றுவிட ஏறத்தாழ 880 மெகாபாஸ்கல் (ஒரு பரப்பில் விழும் விசையை அளக்கும் அலகு) வேண்டும். பதப்படுத்தாத 316 உருக்குக்கு 200 முதல் 300 போதும். ஆனால் நன்றாகப் பதப்படுத்திய கலப்பு உருக்கு 1000ஐயும் தாண்டும். டைட்டேனியத்தின் வெற்றி, அந்தப் பலத்தைப் பாதிக்குச் சற்றே கூடிய பாரத்தில் தருவதுதான்.

விறைப்பில், அதாவது பாரத்துக்கு நெகிழாமல் நிற்பதில், உருக்கே முன்னுக்கு: 200 கிகாபாஸ்கல் (ஒன்று 1000 மெகாபாஸ்கல்), டைட்டேனியம் 114. ஒரே அளவுக் குழாய் என்றால் டைட்டேனியம் முக்கால் பங்கு கூடுதலாக நெகிழும். நெல்மூட்டை தூக்குகிறவருக்கு அது காலில் தெரியும். குழாய்ச் சுவரின் தடிப்பை மாற்றாமல் வெளிவிட்டத்தை 30 மில்லிமீற்றரிலிருந்து 34க்குக் கூட்டினால் விறைப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். இணைப்பையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

முல்லைத்தீவுக் கரையில் வலை இழுக்கிறவருக்குத் தயங்காமல் டைட்டேனியம் என்பேன். அதன் ஒட்சைட்டுப் படலம் கீறுப்பட்டாலும் உடனே திரும்ப உருவாகும். 304 உருக்கில் உப்புநீர் பொட்டுப் பொட்டாகக் குழி பறிக்கும். ஆனால் இணைப்பை இறுக்கும் சின்னத் திருகாணிகள் பெரும்பாலும் உருக்குத்தான். கடலால் வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள்.

விலையும் சொல்ல வேண்டும். டைட்டேனியம் உள்ள இல்மனைட் மணல் எங்கள் பக்கத்துப் புல்மோட்டையிலேயே கிடக்கிறது. அதைக் குளோரினோடும் மக்னீசியத்தோடும் வினைப்படுத்தி உலோகமாக்குவதுதான் பெருஞ்செலவு.

வெடித்த டைட்டேனியத் துண்டைத் தெருவோர வெல்டிங் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஆர்கன் வாயு மூடாத இடத்தில் சூடேறினால் காற்றிலுள்ள ஒட்சிசனையும் நைதரசனையும் உறிஞ்சி நொறுங்கத் தொடங்கும். அதன் மேல் நடக்கக்கூடாது. புதிய துண்டுதான் போட வேண்டும், திருகாணிகளையும் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டோர்க் ரென்ச்சால் (எவ்வளவு இறுக்கினோம் என்று அளந்து காட்டும் சாவி) இறுக்க வேண்டும்.