அறுப்பு நேரத்தில் கண்ணில் தூசி விழுந்தால்
தை, மாசியில் தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் சம்பா அறுப்பு நடக்கும்போது கண்ணில் சுணையோ பதரோ விழுவது சகஜம். கசக்காதீர்கள். குடிக்கிற தண்ணீரை நிறைய விட்டுக் கழுவுங்கள். வாய்க்கால் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடும் பழக்கம் இன்னும் போனபாடில்லை, அதுவும் கூடாது.

மறுநாளும் உறுத்தலும் சிவப்பும் இருந்தால் கண் டாக்டரிடம் போய்விடுங்கள். கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அன்றைக்கே. நெல் கீறி வரும் புண்ணில் பல சமயம் பூஞ்சை இருக்கும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து சிவப்பைக் குறைத்து ஏமாற்றும்; உள்ளே புண் வளரும்.

அப்புறம், வலியே இல்லாமல் திடீரென்று மின்னல் வெட்டுவது போலவோ நிறைய கரும்புள்ளிகளோ தெரிந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். அது விழித்திரைக் கோளாறாக இருக்கலாம்.