விறகடுப்புப் புகைக்கூட்டில் கரி படியச் செய்யும் தவறுகள்

2022ஆம் ஆண்டில் கொழும்பில் எரிவாயுச் சிலிண்டருக்கு வரிசைகள் நீண்டபோது, கொட்டாஞ்சேனையிலுள்ள எங்கள் பழைய வீட்டுப் பின்குசினியில் வெற்றுப் போத்தல்கள் அடுக்கிக் கிடந்த விறகடுப்பை மாமி துப்புரவாக்கி மீண்டும் மூட்டினார். சில மாதங்கள் கழிந்து, ஒரு மழை நாளில், புகைக்கூடு கூரையைத் தொடும் இடத்திலிருந்து வெள்ளைச் சுவரில் கடும் பிளேன்ரீயின் நிறத்தில் ஒரு கறை வழிந்தது. உள்ளே கத்தியால் சுரண்டிப் பார்த்தேன். உதிரும் தூள் கரி அன்று. தார்போல மின்னி, கத்தி முனைக்கும் இலேசில் அசையாத படிவு அது.

துப்புரவு செய்யாததால்தான் கரி சேர்கிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் தவறு அடுப்பிலேயே தொடங்குகிறது. முழுமையாக எரியாத புகையில் கரித்துகளுடன் தார் ஆவியும் நீராவியும் கலந்திருக்கின்றன. அந்தப் புகை மேலே செல்லும்போது ஏறத்தாழ 120 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தால், ஆவி ஒடுங்கிச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. கிரியோசோட் எனப்படும் இப்படிவு முதலில் தூளாகவும், பின்னர் செதிலாகவும், இறுதியில் தூரிகைக்கு அகப்படாத கண்ணாடிப் பூச்சாகவும் மாறுகிறது.

ஈர விறகை எரிப்பதே முதன்மையான தவறு. அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி நீராக இருக்கக்கூடும். அடுப்புக்கு ஏற்ற விறகில் அது 20 வீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். கொழும்பின் ஈரக் காற்றில், நன்கு உலர்ந்த விறகே 15 வீதத்துக்குக் கீழே இறங்குவது அரிது என்பதால், நமக்குக் கிடைக்கும் இடைவெளி மிகச் சிறியது. மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவமழையில் நனைந்து வரும் றப்பர் விறகை விறகுகாலையிலிருந்து வாங்கிய அன்றே எரிப்பது, நீரைக் கொதிக்க வைப்பதற்கே வெப்பத்தைச் செலவழிப்பதாகும். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள்: உலர்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது மந்தமாக ஒலிக்கும். வெட்டுமுகத்தில் வெடிப்புகள் தெரிவதும் நல்ல அறிகுறி. பிளந்து, நிலத்திலிருந்து உயர்த்தி, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றோட விட்டு அடுக்குங்கள். நான்கு புறமும் பொலித்தீனால் சுற்றினால் ஈரம் உள்ளேயே நிற்கும்.

விறகை மிச்சப்படுத்துவதற்காகத் தீயை அமுக்கி வைப்பது அடுத்தது. நாங்கள் செய்ததும் இதுவே. காலையில் தணல் வேண்டுமென்று இரவில் பெரிய கட்டையொன்றைச் செருகி, காற்றுவழியை அடைத்துவிடுவோம். அது விடியும்வரை சுவாலையின்றிப் புகைந்து, அத்தனை தாரையும் குளிர்ந்த புகைக்கூட்டில் பூசியது. நிறமற்ற, மணமற்ற நச்சு வாயுவான காபனோரொட்சைட்டும் இவ்வாறு புகையும்போதே அதிகம் உண்டாகிறது. சிறிய விறகுகளால் சிறிய, சுறுசுறுப்பான தீயை வளர்த்து, சமையல் முடிந்ததும் அணைய விடுவதே நல்லது.

வர்ணம் பூசிய பலகை, பொலித்தீன் பை ஆகியவற்றை அடுப்பில் இடக் கூடாது. துறைமுகத்திலிருந்து வரும் சரக்குப் பலகைகளில் ‘எம்.பி.’ (MB) முத்திரை இருந்தால், அது மெதைல் புரோமைட் என்ற நச்சு வாயுவால் புகையூட்டியது, அதையும் விலக்குங்கள்.

ஒரு நாள் பெருந்தீ மூட்டினால் கரி தானாக எரிந்துபோகும் என்ற நம்பிக்கையே என்னை மிகவும் அச்சுறுத்துவது. படிவு தீப்பற்றினால் வெப்பம் 1000 பாகையையும் தாண்டக்கூடும். பக்கத்திலுள்ள மரச் சட்டங்கள் பற்றும், அஸ்பெஸ்டஸ் தகடுகள் வெடித்துச் சிதறும். மேலே ரயில் ஓடுவதுபோன்ற இரைச்சல் கேட்டால், முடிந்தால் காற்றுவழியை மூடி, எல்லோரும் வெளியேறி, 110க்கு அழையுங்கள். கொதிக்கும் புகைக்கூட்டுக்குள் நீரூற்றினால் சுவர் பிளந்துவிடும்.

படிவு 3 மில்லிமீற்றர் தடித்தாலே துப்புரவு செய்ய வேண்டும். ஈர்க்கு விளக்குமாறு வளைந்துகொடுக்குமே தவிரச் சுரண்டாது. குழாயின் அளவுக்கேற்ற கம்பித் தூரிகை தேவை. கண்ணாடிப் பூச்சாக இறுகியிருந்தால் தொழில் தெரிந்தவரிடம் விடுங்கள். உச்சியில் காகக்கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் புகைக்கூட்டில் கம்பித் துண்டுகளால் கட்டிய கூடொன்று பாதி வாயை அடைத்திருந்தது. முகக்கவசமும் கையுறையும் இன்றி இதில் இறங்காதீர்கள்: புகைக்கூடு துப்புரவாளர்களுக்கு வரும் புற்றுநோய்க்குக் கரியே காரணம் என்பதை ஆங்கிலேயச் சத்திரசிகிச்சை நிபுணர் பேர்சிவல் பொட் 1775ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார்.

இப்போதும் கிழமைக்கு இரண்டு நாள் அந்த அடுப்பு எரிகிறது. மூட்டிக் கால் மணி நேரமானதும் மாமி பின்முற்றத்துக்குப் போய் அண்ணாந்து பார்ப்பார். புகை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிந்திருந்தால் உள்ளே வந்து உலை வைப்பார். சாம்பல் நிறத்தில் திரண்டு வந்தால், எரியும் கட்டைகளை இழுத்துவிட்டு வேறு விறகு எடுப்பார்.