நீண்ட இடைவெளிக்குப் பிறகு வேலை தேடும் மாற்றுத்திறனாளிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் இயந்திரத்தில் சிக்கி என் இடது கையில் இரண்டு விரல்கள் போயின. அதன்பிறகு நான்கு ஆண்டுகள் வேலை இல்லை. காயம் ஆற ஆறு மாதம்தான் ஆனது. மீதிக் காலம் போனதற்கு நான் செய்த சில தவறுகளும் காரணம். அதே தவறுகளைப் பலரும் செய்வதைப் பார்க்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

மாற்றுத்திறனாளி சான்றிதழில் உள்ள குறைபாட்டுச் சதவீதத்தை வைத்தே எல்லாவற்றையும் முடிவு செய்வது முதல் தவறு. அரசு வேலையில் உள்ள 4 சதவீத இடஒதுக்கீடு, குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பவர்களுக்குத்தான். எனக்கு அதைவிடக் குறைவு. சரி, நமக்கு ஒன்றுமே கிடையாது என்று சான்றிதழைப் பீரோவில் வைத்துவிட்டேன். ஆனால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், பாகுபாடு காட்டக் கூடாது என்ற பாதுகாப்புக்கு இந்த 40 என்ற கோடு கிடையாது.

குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளவர்கள் வேறு விதமாக இழக்கிறார்கள். டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் அவர்களுக்கு வயது வரம்பில் 10 ஆண்டு தளர்வு உண்டு. வீட்டில் இருந்த காலத்தில் வயசு தாண்டிவிட்டது என்று நினைத்து அறிவிக்கையைப் படிக்காமலே விட்டுவிடுகிறார்கள். தற்காலிகச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் அது முடியும் தேதியையும் கவனிக்க வேண்டும்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். விட்டால் பதிவு மூப்பு போய்விடும். பதிவில் மாற்றுத்திறனாளி என்ற விவரம் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். விபத்துக்கு முன்பே பதிந்தவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். உங்கள் கோட்டாவில் வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர்களிடம் பேச்சே வேண்டாம்.

இனி நேர்காணல். நான் அதிகம் சறுக்கியது இங்கேதான். “இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டதும் விபத்து, ஆஸ்பத்திரி, கடன் என்று எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன். கேட்பவர் முகத்தில் இரக்கம் தெரியும், வேலை மட்டும் கிடைக்காது. இன்னொரு முறை கையைப் பேன்ட் பாக்கெட்டில் வைத்தபடியே பேசினேன். சேர்ந்த முதல் நாளே தெரியப்போகிற விஷயம் அது. மறைத்ததால் நான் சொன்ன மற்றதையும் அவர்கள் நம்பவில்லை.

இரண்டு வாக்கியம் போதும்: விபத்து நடந்தது, இப்போது உடல் தேறிவிட்டது. உடனே வேலையைப் பற்றிய பேச்சுக்கு வந்துவிடுங்கள். எதைச் செய்ய முடியும், எதற்கு என்ன வசதி வேண்டும் என்று நாமே சொல்ல வேண்டும். அதிக நேரம் நிற்க முடியாதவர் ஒரு ஸ்டூல் கேட்கலாம். காது மந்தமானவர் வேலைக் குறிப்பை எழுதித் தரச் சொல்லலாம். இதைச் சலுகை என்று நினைத்துக் கூச வேண்டாம். முன்பு சொன்ன 2016 சட்டமே இப்படிப்பட்ட ஏற்பாடுகளைப் பற்றிப் பேசுகிறது.

அப்புறம், பழைய வேலையையே பிடித்துக்கொண்டு நிற்பது. நான் பிரஸ் ஆபரேட்டர் வேலை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பத்து வருடம் பிரஸ் ஓட்டியவனுக்கு பிரஸ்ஸில் அடித்து வரும் எந்தப் பீஸ் தேறும், எது தேறாது என்று கண்ணே சொல்லிவிடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கடைசியாகப் போன ஒரு சிறிய பட்டறையில், “அரை நாள் செய்து காட்டுகிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்” என்றேன். துல்லியமாக அளக்கும் கருவியான வெர்னியரை வலது கையில் பிடித்து, பீஸை இடது உள்ளங்கையில் தாங்கி, மதியத்துக்குள் ஒரு டிரே முழுவதையும் அளந்து பிரித்துவைத்தேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார்கள்.