புதிய பெரே தொப்பியைத் தலைக்கு அமைக்கும் முறை

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் மாணவர் படையணியில் சேரும் பிள்ளைக்குக் கிடைக்கும் புதிய பெரே தொப்பி, தோசையைத் தலையில் கவிழ்த்ததுபோல் நாற்புறமும் விரிந்து நிற்கும். அணிவகுப்புக்கு முதல் நாள் இரவு அதனை உடுப்பு மினுக்கும் பெட்டியால் அழுத்துவதில் பயனில்லை. கம்பளி இழைகள் சூட்டிலும் ஈரத்திலும் இளகி, எந்த வடிவில் காய்கின்றனவோ அந்த வடிவிலேயே இறுகுவதால், தொப்பியை அந்தப் பிள்ளையின் தலையிலேயே அமைக்க வேண்டும்.

முதலில் நீரைக் கவனியுங்கள். நமது கிணற்றுநீர் சுண்ணாம்புக் கற்பாறையினூடாக ஊறி வருவதால், காய்ந்தபின் கருந்துணியில் வெளிறிய படிவை விடும்; மாரியில் பிடித்துவைத்த மழைநீர் இருந்தால் அதனையே பயன்படுத்துங்கள். கை பொறுக்கும் சூடே போதும். என் மகனின் முதல் தொப்பியைக் கொதிநீரில் அமிழ்த்தியதில், அது மீண்டும் அவன் தலைக்கு ஏறாத அளவுக்குச் சுருங்கிவிட்டது. மேற்பகுதியை மட்டும் நனைத்து, ஓரத்துத் தோல்வாரில் ஈரம் படாமல் பார்த்துக்கொண்டு, முறுக்காமல் துவாயில் வைத்து அழுத்தி நீரை எடுங்கள்.

ஈரத்தொப்பியை அணிவிக்கும்போது தோல்வார் புருவத்துக்கு இரு விரல் மேலே, நெற்றியைச் சுற்றிச் சமமாக இருக்க வேண்டும். சின்னம் இடக்கண்ணுக்கு நேர்மேலே நிற்க, மிகுதித் துணியை வலப்பக்கம் இழுத்து, உள்ளங்கையால் வலது காதை நோக்கித் திரும்பத் திரும்ப வருடிப் படியவிடுங்கள். இது பிரித்தானிய மரபு. பிரெஞ்சுப் படையினர் இடப்பக்கம் சரிப்பதால், படங்களைப் பார்த்து அமைப்போர் எந்த நாட்டுப் படம் என்பதைக் கவனிக்க வேண்டும். துணி வடிவத்தைப் பிடித்ததும் கழற்றி, தலையளவான மண்சட்டியொன்றின் மேல் கவிழ்த்து, விறாந்தை நிழலில் காயவையுங்கள். வெயில் நிறத்தை வெளுக்கச் செய்யும்.

நிறத்தை அலட்சியமாக எண்ணக்கூடாது. 1924இல் பிரித்தானியத் தாங்கிப் படை கறுப்பைப் பெற்றது, எண்ணெய்க் கறை தெரியாது என்பதால். விளிம்பில்லாத தொப்பி தாங்கியின் நெருக்கத்துக்கும் ஏற்றதாக இருந்தது. 1942இல் பிரித்தானிய வான்வழிப் படையினர் அணிந்த கருஞ்சிவப்பைப் பின்னர் பல நாட்டுப் படைகள் எடுத்துக்கொண்டன. இலங்கையில் அது கொமாண்டோ படையணியின் நிறம். வெளிர்நீலம் ஐக்கிய நாடுகள் அமைதிப் படையினருடையது. ஆகவே அழகு கருதி வேறு நிறத்தொப்பியை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

நன்றாகக் காய்ந்தபின், மேலெழும் பஞ்சிழைகளைச் சவர அலகால் மெல்ல வழித்துவிடுங்கள். பின்புற நாடாவைத் தலைக்கு அளவாக இழுத்து முடிந்து, நுனிகளைத் தோல்வாருக்குள் செருகுங்கள். தொங்கும் நாடா பரிசோதனையில் முதலில் கண்ணில் படும்.