ஜுவல் ஆர்க்கிட்டுக்கு மழைத்தண்ணீர் பிடித்து வையுங்கள்

மேற்கு மாம்பலத்தில் எங்கள் சமையலறை ஜன்னல் வடக்குப் பார்த்தது, நேர் வெயில் விழாது. அங்கேதான் நான்கு வருஷமாக லுடிசியா வளர்க்கிறேன். நர்சரியில் ஜுவல் ஆர்க்கிட் என்று கேட்டால்தான் புரியும். வடகிழக்கு இந்தியா, மியான்மர், தென்சீனப் பக்கத்துக் காடுகளில், மர நிழலில், ஈரச் சருகுக்குள் ஊர்ந்து வளர்கிற செடி இது. இலைக்காகவே வளர்க்கலாம். கருஞ்சிவப்பு வெல்வெட்டில் செம்புக்கம்பி பதித்த மாதிரி நரம்புகள். இருட்டில் டார்ச் அடித்து இலையைச் சாய்த்துப் பாருங்கள், அப்படி ஒரு மினுமினுப்பு!

ஆர்க்கிட் என்றாலே கரியும் ஓட்டுச் சில்லும் போதும் என்று நினைக்கிறோம். அது மரத்தில் தொற்றுகிற வகைகளுக்கு. இது தரைச் செடி. கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) இரண்டு பங்கு, மட்கிய இலை ஒரு பங்கு, பட்டாணி அளவு அடுப்புக்கரி ஒரு பங்கு கலந்துகொள்ளுங்கள். கோகோபீட்டை வாளியில் ஊறப்போட்டு மூன்று முறையாவது பிழிந்துவிட வேண்டும், அதில் உப்பு இருக்கும். தொட்டி ஆழமாக வேண்டாம், அகலமாக இருக்கட்டும்.

நம் ஊரில் பெரிய பிரச்சினை தண்ணீர்தான். என் முதல் செடிக்குப் போர் தண்ணீர் ஊற்றினேன். இலை நுனி கருகி, மண்மேல் வெள்ளை பூத்து, இரண்டே மாதத்தில் போய்விட்டது. இன்னும் மனசு ஆறவில்லை. இப்போது ஐப்பசி, கார்த்திகையில் முதல் மழையை விட்டுவிட்டு மொட்டைமாடித் தண்ணீரை டிரம்மில் பிடித்து, கொசு போகாமல் இறுக்கி மூடிவிடுவேன். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் குறைந்தால் மட்டும் ஊற்றுங்கள். இலைமேல் தேங்கக் கூடாது.

கத்திரி வெயிலில் ட்ரேயில் கூழாங்கல் பரப்பி, பாதியளவு தண்ணீர் விட்டு, மேலே தொட்டியை வையுங்கள். தொட்டியின் அடி தண்ணீரைத் தொட்டால் தண்டு அழுகும்.

குளிர்காலத்தில் வெள்ளைப் பூ வரும், நடுவில் மஞ்சள்.

அப்புறம் ஒன்று, காட்டில் பிடுங்கிய செடி என்று விற்றால் தயவுசெய்து வாங்காதீர்கள். ஆர்க்கிட் விதை காட்டில் முளைக்கவே மண்ணிலுள்ள பூஞ்சையின் துணை வேண்டும். பிடுங்கிய இடத்தில் மறுபடி வருவது லேசில்லை. தெரிந்தவரிடம் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். மூன்று நான்கு கணுவோடு சுத்தமான பிளேடால் வெட்டி, ஒரு நாள் நிழலில் வெட்டுவாயை உலரவிட்டு, ஈரக் கலவைமேல் படுக்கப் போட்டால் போதும். கணுவில் வெள்ளையாக, பஞ்சு ஒட்டியது போல வேர் எட்டிப் பார்க்கும்வரை இழுத்துப் பார்க்காதீர்கள்.